இரைப்பையின் வாயிற்காவலன்

தலை சுற்றினாலும் பித்தம், வாய் கசந்தாலும் பித்தம், வாந்தி எடுத்தாலும் பித்தம் என்பது நம் பகுதி வழக்கம். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அருகே வாழும் என் பெரியப்பாவுக்கும் பித்தம் என்றே ஓராண்டுக் காலம் எலுமிச்சைச் சாறும் சுக்குக் கஷாயமும் கொடுத்துவந்தோம். விலங்கியல் பயிலும் நானும் அதை நம்பினேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

உடல் மெலிந்து துரும்பான பிறகே மலையிறங்கி மருத்துவமனைக்கு வந்தோம். மருத்துவர் கேட்ட முதற்கேள்வி, "வாந்தி என்ன நிறம்?" என்பது. நாங்கள் விழித்தோம். வாந்தியை அள்ளிக் கொட்டிய பெரியம்மாதான், "மஞ்சளே இல்லீங்க, நேத்து தின்ன சாமைச் சோறு அப்படியே வருது" என்றார். மருத்துவருக்கு நோய் பாதி விளங்கிவிட்டது.

எப்படி? இரைப்பை முன்சிறுகுடலோடு சேரும் கீழ்வாயிலுக்குப் 'பைலோரஸ்' என்று பெயர். கிரேக்க மொழியில் வாயிற்காவலன் என்று பொருள். இரைப்பைச் சுவரின் தசை இங்கே தடித்து, சுருக்குப்பையின் வாய்போல் வளையமாக அமைந்துள்ளது. நிமிடத்திற்கு ஏறத்தாழ மூன்று முறை இரைப்பையில் அலை எழுந்து உணவை வாயிலை நோக்கித் தள்ளும். காவலனோ கூழானதைச் சிறிது சிறிதாக விடுவான். ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குப் பெரிய துண்டுகளை மீண்டும் அரைபடத் திருப்பியனுப்புவான். நீர் விரைவிற் கடக்கும். எண்ணெய்ப் பலகாரம் காத்துக் கிடக்கும். தீபாவளியன்று மாலைவரை பசியாதிருப்பது இதனால்தான்.

பித்தநீர் இவ்வாயிலுக்கு அப்பால், முன்சிறுகுடலில் வந்து கலக்கிறது. வாயில் அடைபட்டால் வாந்தியில் பித்தம் வர வழியில்லை. பித்தமே இல்லாத வாந்திக்குத்தான் நாங்கள் பித்தம் என்று பெயரிட்டிருந்தோம்!

பச்சிளங்குழந்தைகளுக்கும் இவ்வடைப்பு உண்டு. பிறந்து மூன்று முதல் ஆறு வாரத்தில், பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கு, வளையத் தசை தடித்துக் களாக்காய்போல் திரளும். குடித்த பால் பீச்சியடிக்கும். உடனே மறுபடி பாலுக்கு அழும். கண்ணேறு என்று கழித்துக்கொண்டிருந்தால் குழந்தை நீர்வற்றி இறக்கும். 1912-இல் ராம்ஸ்டெட் என்னும் ஜெர்மானியர், உட்சவ்வைத் தொடாமல் தசையை மட்டும் கீறிவிடும் எளிய அறுவையைக் கண்டார். இன்றும் அதுவே செய்யப்படுகிறது.

பெரியவர்களுக்குப் புண் ஆறி ஆறித் தழும்பாகி வழி சுருங்கும். நம் தென்கோடியில், நெய்யூர் மிஷன் மருத்துவமனையில், 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் பங்கேற்ற சாமர்வெல் என்னும் ஆங்கிலேய மருத்துவர் இந்நோயாளிகளை மிகுதியாகக் கண்டார். இரைப்பையைச் சிறுகுடலோடு நேரே இணைத்துப் புறவழி அமைத்தார். புண்ணுக்குக் காரமும் கவலையுமே காரணம் என்று பலரும் எண்ணியிருந்த காலம் அது. பெரும்பாலான புண்களுக்கு ஒரு கிருமி காரணம் என்பதற்கு வழிகாட்டிய ஆய்வை ஆஸ்திரேலியாவில் வாரனும் மார்ஷலும் 1982-இல் நிகழ்த்தினர். 2005-இல் நோபெல் பரிசு பெற்றனர். வலி மாத்திரைகளும் புண் உண்டாக்கும். தொடக்கத்திலேயே கண்டால் இரு வார மருந்தில் கிருமி ஒழியும். புற்றுநோயும் இவ்வாயிலை அடைக்கக்கூடும் என்பதால் குழாய்வழி உள்ளே நோக்கிப் பார்ப்பது இன்றியமையாதது.

பெரியப்பாவுக்கு இருந்தது பழந்தழும்பு. மருந்தின் காலம் கடந்துவிட்டதால் அறுவைதான் செய்தார்கள். காவலனைச் சுற்றிப் புறவழி போட்டாகிவிட்டது. உணவு தடையின்றிக் குடலில் விழுவதால் ஒரே நேரத்தில் நிறைய உண்ணக்கூடாது. நாளைக்கு ஆறு முறை சிறு கிண்ணத்தில் கேட்கிறார். அடுப்பை அணைக்கவே நேரமில்லை என்று பெரியம்மா சலித்துக்கொள்கிறார்.