1.44 என்பது எத்தனை பைட்?

3.5 அங்குல பிளாப்பியின் கொள்ளளவு 1.44 எம்.பி. என்பார்கள். அந்த எண் வந்த வழி சற்று வேடிக்கையானது. வட்டின் ஒரு பக்கத்தில் 80 தடங்கள், ஒரு தடத்தில் 18 செக்டார்கள், ஒரு செக்டாரில் 512 பைட்டுகள். இரு பக்கமும் சேர்த்துப் பெருக்கினால் 14,74,560 பைட் வரும். பத்து லட்சம் பைட்டை ஒரு மெகாபைட் என்று கொண்டால் இது 1.47, 1024ஐ 1024ஆல் பெருக்கிய அளவைக் கொண்டால் 1.41. முதலில் 1024ஆலும் பிறகு 1000ஆலும் வகுத்தால்தான் 1.44 கிடைக்கும். பட்டணம் படியும் வேறு ஊர்ப் படியும் கலந்து அளந்தது போன்ற கணக்கு இது. இந்தக் குழப்பம் தீரவில்லை: 4.7 ஜி.பி. என்று விற்கும் டிவிடி, விண்டோஸ் கணினியில் 4.38 என்றுதான் தெரியும்.

வட்டின் பரப்புக்கும் கொள்ளளவுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. 1981இல் வந்த ஐ.பி.எம். பி.சி.யின் 5.25 அங்குல பிளாப்பி உருவில் பெரியது. அது கொண்டதோ 160 கிலோபைட். தடங்களை எவ்வளவு நெருக்கி எழுதலாம் என்பதே முக்கியம். பிளாப்பிக்கு இதில் ஓர் எல்லை இருந்தது. அதன் மெல்லிய பிளாஸ்டிக் தகடு வெப்பத்திலும் ஈரத்திலும் சற்றே விரியும், சுருங்கும். படிக்கும் முனையோ குறித்த தூரம் நகர்ந்து நிற்குமே தவிர, தடத்தின் மேல்தான் நிற்கிறதா என்று பார்க்காது. அதனால் 3.5 அங்குல வட்டில் அங்குலத்துக்கு 135 தடங்களோடு நிறுத்த வேண்டியதாயிற்று.

1990களில் வந்த எல்.எஸ்-120 வட்டும் அதே 3.5 அங்குலம்தான், அதே காந்தப் பதிவுதான். ஆனால் வட்டில் பொறித்த நுண்கோடுகளை லேசரால் பார்த்து முனையை வழிநடத்தியதால் அங்குலத்துக்கு 2,490 தடங்கள் இட முடிந்தது. கொள்ளளவு 120 எம்.பி. ஆனது. அதன் டிரைவ் பழைய பிளாப்பியையும் படித்தது. ஆனாலும் அதற்குப் போட்டியான 100 எம்.பி. ஜிப் டிரைவ்தான் அதிகம் விற்றது. கொள்ளளவு மட்டுமே சந்தையைத் தீர்மானிப்பதில்லை.

ஒளிவட்டுகளில் எல்லையை வகுப்பது லேசரின் அலைநீளம். சிடிக்கு 780 நானோமீட்டர், டிவிடிக்கு 650, புளூ-ரேவுக்கு 405. அலைநீளம் குறையக் குறையப் புள்ளி சிறுக்கும். தட இடைவெளி 1.6 மைக்ரோமீட்டரிலிருந்து 0.74க்கும், பிறகு 0.32க்கும் இறங்கியது. 700 எம்.பி., 4.7 ஜி.பி., 25 ஜி.பி. என்று ஓர் அடுக்கின் கொள்ளளவு ஏறியது. சிடியிலிருந்து டிவிடிக்குக் கிடைத்த ஏறத்தாழ ஏழு மடங்கில் பெரும்பங்கு இந்த நெருக்கத்தால் வந்தது. மிச்சத்தில் பெரும்பகுதி, பிழை திருத்தத்துக்கு ஒதுக்கும் இடத்தைக் குறைத்ததால்.

பென் டிரைவில் தடமும் இல்லை, சுழற்சியும் இல்லை. 2000ஆம் ஆண்டு வாக்கில் 8 எம்.பி.யில் தொடங்கிய அது, இன்று ஒரே நினைவகக் கலனில் மூன்று, நான்கு பிட்டுகள் வரை வைக்கிறது. நான்கு பிட் என்றால் 16 மின்னழுத்த நிலைகளைப் பிரித்தறிய வேண்டும். அதனால் அத்தகைய கலன்கள் மெதுவாக எழுதும், விரைவில் தேயும்.