‘சாம்போ’ என்றால் அமுக்கு

ஷாம்பூ என்றதும் நமக்குப் பெட்டிக்கடையில் சரம்சரமாகத் தொங்கும் பாக்கெட்தான் நினைவுக்கு வரும். ஆங்கிலத்தில் அது முதலில் பொருளின் பெயரே அல்ல, வினை. 1762-லேயே எழுத்தில் ஏறிவிட்டது. அன்றைக்கு அதற்கு அர்த்தம் உடம்பைப் பிடித்துவிடுவது. தலையலசுவது என்ற அர்த்தம் வந்ததெல்லாம் 1860 வாக்கில்.

டீ ஆறுவதற்குள் மூலத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்துஸ்தானியில் ‘சாம்ப்னா’ என்றால் அமுக்குவது, பிசைவது. ‘சாம்போ’ என்றால் ‘அமுக்கு’. துரைமார் ஏவலையே வினைச்சொல்லாக எடுத்துக்கொண்டார்கள். வேலைக்காரர்களிடம் அவர்கள் பேசிய இந்துஸ்தானியில் பெரும்பகுதி செய், பிடி, கொண்டா என்பதுதானே! இப்படியே ‘பக்டாவ்’ பிடிப்பதாயிற்று, ‘லகாவ்’ படகைக் கரையில் கட்டுவதாயிற்று. ‘பனாவ்’ என்றால் கதை கட்டுவது. எனக்குப் பிடித்தது இதுதான். எல்லாம் 1886-ல் வந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதியில் இருக்கின்றன. தொகுத்த இருவரில் பர்னல் தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தவர்; அரண்மனை நூலகத்துச் சமஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை போட்டவர். புத்தகத்தைப் பார்க்காமலே 1882-ல் இறந்துபோனார்.

ஐதராபாத்தின் திருமுல்கேரிக்காரர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஊரின் அசல் பேரே திருமலகிரி. கன்டோன்மென்ட் துரைகளின் வாயில் நசுங்கியதைத்தான் நாமும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

ஷாம்பூ என்ற சொல்லுக்கு இங்கிலாந்தில் மவுசு தேடித்தந்தவர் நம்மூர்க்காரர். பாட்னாவில் பிறந்து, கம்பெனிப் பட்டாளத்தோடு திரிந்த சேக் தீன் முகம்மது, பிரைட்டன் கடற்கரையில் ஆவிக்குளியல் நிலையம் நடத்தினார். கம்பளித் துணிக் கூடாரத்துக்குள் ஆளை உட்காரவைத்து, மூலிகை ஆவியில் நன்றாக வேர்க்கவிடுவார்கள். பிறகு கூடாரத்தின் திறப்பு வழியே கைகளை உள்ளே விட்டு உடம்பைப் பிசைவார்கள். நான்காம் ஜார்ஜுக்கும், அடுத்துப் பட்டமேறிய தம்பி நான்காம் வில்லியமுக்கும் அவர்தான் ‘ஷாம்பூயிங் சர்ஜன்’. ராஜாவுக்கு உடம்பு பிடித்துவிடுகிறவருக்கு இவ்வளவு பெரிய பட்டம்!

பிசைந்த கை தலைக்கு ஏறி, நுரைக்கு மாறி, கடைசியில் பாட்டிலின் பெயராகிவிட்டது. பழைய அர்த்தம் ஐதராபாத் சலூன்களில் இன்னும் உயிரோடிருக்கிறது. முடி வெட்டியதும் சலூன்காரர் ‘சம்பி?’ என்பார். தலையாட்டினால் எண்ணெய் தொட்டுப் பொட்டில் கட்டைவிரலை அழுத்துவார். உச்சந்தலையில் இரு கையும் சேர்த்துப் படபடவென்று தட்டுவார். ஷாம்பூவும் வேண்டுமென்றால் தனிக் காசு.