லீவு நாளில் கிடைத்த பல்லவ ஓவியம்!

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. காஞ்சிபுரத்தின் மேற்குக் கோடியில், கைலாசநாதர் கோயில் புல்வெளி அருகே ஒரு கார் வந்து நிற்கிறது. இறங்குகிறவர்கள் கொரியாக்காரர்கள். அடுத்த காரில் ஜப்பானியர்கள். கையில் காமிரா, தலையில் தொப்பி, முகத்தில் ஒரு வாரத்துக் களைப்பு.

இவர்கள் கடல் கடந்து சுற்றுலா வந்தவர்கள் அல்ல, பிழைப்புக்காக வந்தவர்கள். சென்னையிலும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகளிலும் உள்ள தொழிற்சாலைகளில் வேலை. 1996-ல் கொரியாவின் ஹூண்டாய் கம்பெனி இருங்காட்டுக்கோட்டையில் கால் ஊன்றியது. 1998-ல் அங்கிருந்து முதல் கார் வெளிவந்தது. அதன் பிறகு பல நாட்டுக் கம்பெனிகள் அந்த வட்டாரத்துக்கு வந்து சேர்ந்தன. ஆறு நாள் இயந்திரத்தோடு மல்லாடியவர்களுக்கு ஏழாவது நாள் ஒரு மாறுதல் வேண்டாமா? சென்னையிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர் தூரத்தில் காஞ்சி இருக்கிறது!

அயல் நாட்டுக்காரருக்கு இந்த ஊர் புதிதல்ல. ஏழாம் நூற்றாண்டில் சீன யாத்ரிகர் யுவான் சுவாங் காஞ்சியைப் பற்றி எழுதி வைத்தார். நூற்றுக்கு மேற்பட்ட பௌத்த மடங்களும், பதினாயிரம் துறவிகளும் அங்கு உண்டு என்பது அவர் தந்த கணக்கு. ஆனால் வேலை பார்க்க வந்த இடத்தில், லீவு நாட்களில் ஊர் சுற்றியே நாட்டின் சரித்திரத்துக்குப் பெருந்தொண்டு செய்தவர் ஒருவர் உண்டு. அவர் யார் தெரியுமா?

புதுவைப் பேராசிரியர்

அவர் பெயர் ழுவோ துப்ரேய். பிரெஞ்சுக்காரர். 1885-ல் சைகோன் நகரில் பிறந்தவர். புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காலத்தில், அங்கிருந்த காலேஜில் விஞ்ஞானம் கற்பிக்க வந்தார். சம்பளம் பாடம் சொல்வதற்கு, மனமோ கோயில்களில்!

காலேஜ் மூடினால் போதும், கிளம்பி விடுவார். பல்லவர் குகைகள், சோழர் கோயில்கள், இடிந்த மண்டபங்கள் ஒன்றையும் விடமாட்டார். தூணைப் பார்ப்பார், தூணின் மேலுள்ள போதிகையைப் பார்ப்பார், கூரையோரத்துக் கூடுகளைப் பார்ப்பார். எந்தக் காலத்தில் எந்த வடிவம் வந்தது, அது எப்படி மாறியது என்று வரிசைப்படுத்துவார். கல்வெட்டு இல்லாத கோயிலுக்கும் வயது சொல்லும் வழி இதனால் பிறந்தது.

இதை அவர் புத்தகத்தில் மட்டும் படித்துக் கற்கவில்லை. அந்தக் காலத்தில் உளி பிடித்துக்கொண்டிருந்த ஸ்தபதிகளிடமே சென்றார். “இதற்குப் பெயர் என்ன? அதை ஏன் அப்படிச் செதுக்குகிறீர்கள்?” என்று மாணவனைப் போல் கேட்டறிந்தார். 1914-ல் வெளிவந்த அவருடைய தென்னிந்தியத் தொல்பொருள் நூல் அப்படி உருவானதுதான்.

சுண்ணாம்புக்கு அடியில்

காஞ்சி கைலாசநாதர் கோயிலைக் கட்டியவன் ராஜசிம்ம பல்லவன். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கம். மணற்கல்லால் எழுந்த கோயில். பிராகாரத்தைச் சுற்றி 58 சிறு சன்னதிகள், மனிதன் உட்கார்ந்தால் நிறைந்துவிடும் அளவில் வரிசையாக நிற்கின்றன.

இக்கோயிலின் அழகுக்குப் பகைவனே சாட்சி! சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியை வென்றான். கோயிலின் செல்வத்தைக் கண்டான். ஆனால் கொள்ளையிடவில்லை, கடவுளுக்கே திருப்பிக் கொடுத்தான். அந்தச் செய்தியைச் சொல்லும் கன்னடக் கல்வெட்டு இன்றும் அங்கே தூணில் இருக்கிறது. பின்னால் வந்த ராஜராஜ சோழனின் காலத்துக் கல்வெட்டு, “பெரிய திருக்கற்றளி” என்று இதை மதிப்போடு குறிப்பிடுகிறது.

அப்படிப்பட்ட கோயிலுக்கும் போதாத காலம் வந்தது. மணற்கல் மழையில் கரைந்தது. கரைந்த இடத்தில் சுதை பூசினார்கள். அதன் மேல் சுண்ணாம்பு அடித்தார்கள். செய்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. கோயில் பளிச்சென்று இருக்க வேண்டும் என்ற பக்திதான். ஆனால் அந்த வெள்ளைக்கு அடியில் என்ன இருந்தது என்பதை ஊரே மறந்து போயிற்று.

1931-ஆம் ஆண்டு. பேராசிரியர் சிறு சன்னதிகளுக்குள் குனிந்து பார்த்தார். பூச்சு உதிர்ந்த இடத்தில் ஒரு சிவப்புக் கோடு! ஒரு மஞ்சள் திட்டு! அவை அழுக்கல்ல, பல்லவ ஓவியனின் தூரிகை விட்டுச் சென்ற தடம். சிவனும் உமையும் நடுவில் குழந்தை முருகனுமாக, சோமாஸ்கந்த வடிவத்தின் மிச்சம் அங்கே தெரிந்தது. சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முந்தைய வர்ணம் மறுபடியும் வெளிச்சத்துக்கு வந்தது.

முழுப்படம் கிடைக்கவில்லை. ஒரு கண், ஒரு கிரீடம், ஒரு விரல் வளைவு, அவ்வளவுதான். ஆயினும் பல்லவச் சித்திரக்கலை எப்படி இருந்தது என்பதற்கு அதுவே அத்தாட்சி. எத்தனையோ பேர் கும்பிட்டுவிட்டுக் கடந்து போன சுவரில், லீவுக்கு வந்த வெளியூர்க்காரர் அதைக் கண்டார்!

மத்தியானம் தறி வீட்டில்

காஞ்சியில் பெரும்பாலான கோயில்கள் பன்னிரண்டு மணி சுமாருக்கு நடை சாத்திவிடும். மாலை நான்கு மணிக்குத்தான் திறக்கும். அதற்குள் ஏகாம்பரநாதர் கோயிலில் 1509-ல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய ராஜகோபுரத்தையும், வரதராஜர் கோயில் நூற்றுக்கால் மண்டபத்தின் கல் சங்கிலியையும் பார்த்துவிடலாம். மிளகும் சீரகமும் சுக்கும் மணக்கும் கோயில் இட்லியையும் ருசி பார்க்கலாம்.

நடை சாத்திய பிறகு பார்க்க வேண்டியது தறி. பிள்ளையார்பாளையம் பக்கம் போனால் காதுக்கே தெரியும். “டக்... டக்...” என்று வீட்டுக்குள்ளிருந்து சத்தம் வரும். கூலி நெய்த புடவைக்குத்தான். உட்கார்ந்த நாளுக்கு அல்ல. ஆகவே ஊருக்கு ஞாயிறு என்றாலும் அங்கே பல தறிகள் ஓய்வதில்லை.

குழித்தறியில் நெசவாளி கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்திருப்பார். பட்டு கர்நாடகத்திலிருந்தும், ஜரிகை சூரத்திலிருந்தும் வரும். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடாக்கள் ஓட வேண்டும்; பக்கத்தில் கை கொடுக்க இன்னொருவர் வேண்டும். உடலின் ஊடையையும் கரையின் ஊடையையும் ஒவ்வொரு இழையாகக் கோத்துப் பூட்டும் இந்த வேலைக்குக் கோர்வை என்று பெயர். புடவை நைந்தாலும் கரை பிரியாது என்பார்கள். ஒரு புடவைக்குப் பத்து நாளும் ஆகலாம். வேலைப்பாடு மிகுந்தால் மாதக்கணக்கிலும் போகலாம். 2005-ஆம் ஆண்டு காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஒரே சாலை, இரண்டு பயணம்

ஆனால் பக்கத்தில் கை கொடுக்க வேண்டிய அந்த இன்னொருவர் எங்கே? முன்பெல்லாம் அது வீட்டுப் பையனின் வேலை. படிக்க வேண்டிய வயதில் தறியில் உட்கார்ந்த பிள்ளைகள் ஏராளம். இன்று பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், அது நல்லதே. படித்து முடித்தவர்களில் பலர் ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள். மாதம் பிறந்தால் சம்பளம், வாசலுக்கு வரும் கம்பெனி பஸ். யார் குறை சொல்ல முடியும்?

விந்தையைப் பாருங்கள். தொழிற்சாலையிலிருந்து அயல் நாட்டு எஞ்சினீயர் ஞாயிறன்று தறியைப் பார்க்கக் காஞ்சிக்கு வருகிறார். தறிக்காரர் வீட்டுப் பிள்ளை திங்களன்று அதே சாலையில் தொழிற்சாலைக்குப் போகிறான். ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜர் கல்வி தேடிக் காஞ்சிக்கு வந்த காலம் உண்டு. இன்று காஞ்சிப் பிள்ளைகள் ஸ்ரீபெரும்புதூருக்கு வேலை தேடிப் போகிறார்கள்!

வருகிறவர் கடையில் புடவை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டால் அது வியாபாரம். தறி வீட்டு வாசலில் நின்று, “இதற்குப் பெயர் என்ன? இதை எப்படிச் செய்கிறீர்கள்?” என்று புதுவைப் பேராசிரியரைப் போல் கேட்டால் அது கல்வி. காஞ்சியிலேயே பிறந்து, தறிச் சத்தத்தில் தூங்கி எழுந்தவர்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படிக் கேட்டுப் பார்க்கலாம்.

சுண்ணாம்புக்கு அடியில் போன ஓவியம் ஆயிரம் வருஷம் கழித்தும் கிடைத்தது. அது சுவரில் இருந்தது, காத்திருந்தது. கோர்வை மனிதரின் கையில் இருக்கிறது. கை ஓய்ந்த பிறகு எந்தச் சுவரைச் சுரண்டினாலும் அது கிடைக்காது.