பந்தைக் கொடுத்தவர்: லூயிஸ் சுவாரெஸ்

உதைபந்தாட்டம் முடிந்தபின் ஏட்டில் எஞ்சுவது கோற்கணக்கு. யார் அடித்தார், எத்தனையாவது நிமிடத்தில் அடித்தார் என்பன அதில் ஏறும். அப்பந்தை அவர் காலடிக்கு அனுப்பியவர் பெயர் பெரும்பாலும் ஏறுவதில்லை. தமிழாசிரியராகிய எமக்கு இது இடைச்சொல்லை நினைவூட்டுவதுண்டு. பெயரும் வினையும் போலத் தனித்து நின்று பொருள் தருதல் அதற்கு இயலாது. ஆயினும் அஃதின்றி வாக்கியம் இனிது நடவாது. நடுக்கள வீரர் நிலையும் அத்தகையதே. அந்நிலையில் நின்று புகழ்பெற்ற ஸ்பானியர் ஒருவரின் வரலாற்றை ஈண்டு எடுத்துரைக்கக் கருதுகின்றோம்.

லூயிஸ் சுவாரெஸ் என்றதும் இன்றைய மாணவர் உருகுவே நாட்டு முன்னணி வீரரையே எண்ணுவர். நாம் கூறுபவர் அவருக்கு அரை நூற்றாண்டு முந்தியவர். ஸ்பெயினின் வடமேற்கே, அத்திலாந்திக் கரையிலுள்ள லா கொருஞா நகரில் 1935 மே 2 ஆம் நாள் பிறந்தார். 1953 இல், தமது 18 ஆவது வயதில், ஊர்க் கழகமாகிய டெப்போர்த்திவோவின் சார்பில் முதற்பிரிவில் இறங்கினார். எதிரே நின்றது பார்சலோனா. டெப்போர்த்திவோ 6க்கு 1 எனத் தோற்றது. ஆயினும் தோற்ற அணியின் அவ்விளைஞரை அடுத்த ஆண்டிலேயே பார்சலோனா தன்னுடன் சேர்த்துக்கொண்டது.

அங்கு அவர் முன்வரிசையின் உட்புறத்தில் ஆடினார், கோல்களும் அடித்தார். 1959, 1960 ஆகிய ஈராண்டும் கழகம் ஸ்பானிய லீக் வாகையைச் சூடியது. 1960 இல், பத்திரிகையாளர் வாக்குகளைக் கொண்டு பிரெஞ்சுச் சஞ்சிகையொன்று வழங்கும் 'தங்கப் பந்து' விருது அவரைச் சேர்ந்தது. இரண்டாமிடம் பெற்றவர் புஸ்காஸ் என்றால் அதன் பெருமை விளங்கும்.

விந்தை யாதெனில், இத்தகையவரைச் சொந்த மைதானத்திலேயே சீழ்க்கையடித்து இகழ்ந்தோர் பலர். ஹங்கேரியிலிருந்து வந்த குபாலா அக்காலத்தில் பார்சலோனா மக்களின் கண்ணான வீரர். குபாலா பக்கம், சுவாரெஸ் பக்கம் எனப் பார்வையாளர் இரண்டுபட்டனர். குபாலாவின் திறன் பார்த்த மாத்திரத்தே தெரிவது. சுவாரெஸின் திறனோ பந்து போய்ச் சேரும் இடத்தை நோக்குவோர்க்கன்றி விளங்காதது என்பது எமது கருத்து. இதற்கிடையில், 1957 இல் திறக்கப்பட்ட புதிய மைதானத்தின் கடன் கழகத்தை அழுத்தியது. 1961 இல் 2 கோடியே 50 இலட்சம் பெசேத்தாவுக்கு இத்தாலியின் இன்ரர் மிலான் அவரை வாங்கிற்று. அதுவரை உலகில் எவ்வீரருக்கும் அத்துணைத் தொகை கொடுக்கப்பட்டதில்லை. அதன்பின் பார்சலோனா லீக்கை மீண்டும் வென்றது 1974 இலேதான். கடன் தீர்க்க விளைநிலத்தை விற்றவன் கதை இதுவென்போம்.

மிலானில் பயிற்சியாளராயிருந்த ஹெலேனியோ ஹெரேரா அவரைப் பார்சலோனாவிலேயே நன்கறிந்தவர். அவரது அணியின் ஆட்டமுறையை இத்தாலியர் 'தாழ்ப்பாள்' என்று பொருள்படும் சொல்லால் வழங்கினர். பின்னணி வீரர்க்கும் பின்னே மற்றொருவர் காவல் நிற்பார். எதிரணி முட்டி மோதிக் களைப்புறும். இம்முறையில் சுவாரெஸ் முன்வரிசையை விட்டுப் பின்னே இறங்கி நின்றார். பந்து தம்மவர் வசமானதும் அவரைச் சேரும். அவர் தலைநிமிர்ந்து பார்ப்பார். வலப்புறம் ஜயீர் விரைவார். நடுவே மட்சோலா விரைவார். சிலவேளை பின்னணி வீரரான ஃபக்கெத்தி இடப்புறத்தால் முன்னேறுவார். நெடுந்தொலைவு கடந்து பந்து அவர்தம் ஓட்டத்தின் முன்னே விழும். நிற்பவனுக்குப் பந்தை அனுப்புதல் எளிது. ஓடுபவன் சில விநாடிக்குப்பின் எங்கிருப்பான் என்பதை முன்னறிந்து அனுப்புதலே அரிது. எம் மாணவரிற் பலர் பந்து காலுக்கு வந்தபின்னரே யாருக்குக் கொடுப்பதென ஆராயத் தொடங்குகின்றனர்!

1963, 1965, 1966 ஆகிய ஆண்டுகளில் இன்ரர் இத்தாலிய லீக்கை வென்றது. 1964 இல் வியன்னாவில் ரியல் மட்ரிட்டை 3க்கு 1 என வென்று ஐரோப்பியக் கிண்ணத்தைக் கைப்பற்றியபோது கோல் அடித்தவர்கள் மட்சோலாவும் மிலானியும். 1965 இல் பென்பிக்காவுக்கு எதிரான ஒரே கோல் ஜயீருடையது. கோற்கணக்கில் சுவாரெஸ் பெயர் இரண்டிடத்தும் இல்லை. 1967 இறுதியாட்டத்தில் அவர் காயத்தால் ஆடவில்லை. லிஸ்பனில் செல்ற்றிக் அணி 2க்கு 1 என வென்றது. அன்று தாழ்ப்பாள் இருந்தது. கதவைத் திறந்து வெளியேற வழிகாட்டுவார்தாம் இல்லை.

1964 யூன் 21 ஆம் நாள் மட்ரிட்டில் ஸ்பெயின் சோவியத்து அணியை 2க்கு 1 என வென்று ஐரோப்பிய நாடுகளின் கிண்ணத்தைப் பெற்றது. சுவாரெஸ் உள்ளே அனுப்பிய பந்தைப் பெரேடா முதற்கோலாக்கினார். 84 ஆவது நிமிடத்தில், அதே பெரேடா வலப்புறத்திலிருந்து அனுப்பிய பந்தை மார்செலினோ தலையால் முட்டி வெற்றிக் கோலாக்கினார். பெரேடா பந்தை அனுப்பிய கணத்தைப் படப்பிடிப்பாளர் தவறவிட்டனர். அரசின் செய்திப்படத்தில் அவ்விடத்தே அமன்சியோ பந்தனுப்பும் வேறொரு காட்சியை ஒட்டிவிட்டனர். அதனால் அமன்சியோவே பந்தைக் கொடுத்தாரென ஸ்பானிய மக்கள் பல பத்தாண்டுகள் நம்பியிருந்தனர். அடித்தவர் பெயரில் இத்தகைய மயக்கம் எழுந்திருக்குமா என்று எண்ணிப் பாருங்கள்.

1970 இல் சம்ப்டோரியா சென்று, 1973 இல் ஆட்டத்தினின்று ஓய்வுபெற்றார். பயிற்சியாளராக 1986 இல் ஸ்பெயினின் 21 வயதிற்குட்பட்டோர் அணியை ஐரோப்பிய வாகை சூடச் செய்தார். 1990 உலகக் கிண்ணத்தில் தேசிய அணியை நடத்திச் சென்றார்.

2010 இல் ஸ்பெயின் உலகக் கிண்ணத்தை வென்ற ஆண்டிலும் நடுக்கள வீரரான இனியெஸ்ரா, சாவி இருவருக்கும் தங்கப் பந்து விருதில் இரண்டாம், மூன்றாம் இடங்களே கிடைத்தன. பெண்களுக்கான விருதை ஸ்பெயினின் அலெக்சியா புத்தெயாஸ் 2021 இல் வென்றார், அவரும் நடுக்களத்தவரே. ஆண்களில் சுவாரெஸுக்குப்பின் அவ்விருதை முதன்முதற் பெற்ற ஸ்பானியர் ரொட்ரி, ஆண்டு 2024. அவருக்கும் இடம் நடுக்களந்தான். சுவாரெஸ் அதனைக் கண்டிலர். 2023 யூலை 9 ஆம் நாள், 88 ஆவது வயதில், மிலான் நகரிற் காலமானார்.