வருத்தத்துக்குப் பெயர் கிடைக்கும்வரை

வெள்ளவத்தையில் காலி வீதியோரக் கடைக்குள் ஒரு தாய் வந்து, மகள் பெரியபிள்ளையாகிவிட்டாள் என்று மெல்லச் சொன்னால் போதும். கடைக்காரர் மலிவான போத்தலைத் தொடவே மாட்டார். "இது நல்ல செக்கெண்ணெய் அக்கா, பிள்ளைக்கு இதைக் குடுங்கோ" என்று மேல்தட்டிலிருந்து எடுத்துத் தருவார். பச்சை முட்டை, நல்லெண்ணெய், உளுத்தங்களி: இடுப்புக்குப் பலம் என்று அம்மம்மா காலத்திலிருந்து வரும் பத்தியம். அந்தப் போத்தலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு 1977ஆம் ஆண்டின் ஞாபகம் வரும்.

அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் இலங்கையில் இருபதுக்கு மேற்பட்ட இளம் பெண்களுக்குத் திடீரென்று கை கால் பலம் குன்றியது. பலம் குன்றிப் பாதம் தொங்கிப்போனவர்கள் நடப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: முழங்காலை உயரத் தூக்கி வைக்கவேண்டும், பாதம் 'பட்' என்று நிலத்தில் அறையும், ரப்பர் செருப்பு காலில் நிற்காது. நேற்றுவரை ஓடித் திரிந்த பிள்ளைக்கு இப்படி ஆனால் வீட்டில் என்னவெல்லாம் பேசியிருப்பார்கள்! கண்ணூறு, செய்வினை, கழிப்பு, நூல் கட்டுதல் எல்லாம் வரிசையாக வந்திருக்கும்.

மருத்துவருக்கு இந்த நிலையில் முதலில் வரும் ஐயங்கள் வேறு. இளம்பிள்ளைவாதமா? கிருமித் தொற்றுக்குப் பின் உடம்பே தன் நரம்பைத் தாக்கும் கியான்-பரே நோயா? இவை இரண்டும் ஆணையும் பெண்ணையும் பார்த்து வருவதில்லை. சாதி சமயமும் பார்ப்பதில்லை. இங்கேயோ விழுந்தவர்கள் தமிழ்ப் பெண்பிள்ளைகள், அதுவும் அப்போதுதான் பூப்படைந்தவர்கள். அண்ணன் தம்பிக்கு ஒன்றுமில்லை, பக்கத்து வீட்டுச் சிங்களப் பிள்ளைக்கும் ஒன்றுமில்லை. அப்படியானால் கேட்கவேண்டிய கேள்வி நரம்பைப் பற்றியது அல்ல, அடுப்படியைப் பற்றியது. இந்தப் பிள்ளைகள் மட்டும் சாப்பிட்டது என்ன?

விடை, நல்லெண்ணெய். மருத்துவ ஆய்வாளர்கள் நிமால் சேனாநாயக்கவும் ஜெயரத்தினமும் 1981இல் 'லான்செட்' இதழில் அதை எழுதினார்கள். எள்ளில் குற்றமில்லை, சடங்கிலும் குற்றமில்லை. எண்ணெயில் டிரைகிரெசைல் பொஸ்பேற் என்ற இரசாயனம் கலந்திருந்தது. இயந்திர எண்ணெயிலும் பிளாஸ்டிக்கிலும் சேர்க்கிற பொருள் அது. முன்பு கனிம எண்ணெய் வைத்திருந்த கலன்களில் நல்லெண்ணெயை ஏற்றிப்போனதால் கலந்திருக்கவேண்டும் என்பது அவர்கள் முடிவு. இந்த இரசாயனத்துக்கு நிறமில்லை, மணமும் இல்லையென்றே சொல்லலாம். எண்ணெயோடு எண்ணெயாகக் கலந்துவிடும். பிள்ளைக்கென்று கடைக்காரர் தேடி எடுத்துக் கொடுத்திருந்தாலும் கண்டிருக்கமாட்டார்.

உலகம் இந்த நஞ்சை முன்பே சந்தித்திருந்தது. 1930இல் அமெரிக்காவில் மதுவிலக்கு நடந்த காலம். இஞ்சிச் சாராய மருந்தில் இதைக் கலந்து விற்றதால் பல்லாயிரம் பேருக்குக் கால் விழுந்தது. 1959இல் மொரோக்கோவில் விமான எண்ணெய் கலந்த சமையலெண்ணெய் ஏறத்தாழ பத்தாயிரம் பேரை முடக்கியது. 1988இல் கல்கத்தாவின் பெஹாலாவிலும் எண்ணெய்தான். ஒவ்வோர் ஊரும் இதைப் புதிதாகவே கண்டுபிடிக்கவேண்டியிருந்தது.

அதற்குக் காரணம் இந்த நஞ்சின் தாமதம். குடித்த அன்று அதிகம் போனால் ஒரு வயிற்றுப்போக்கு. அதோடு மறந்துவிடுவோம். ஒன்றிரண்டு கிழமை கழித்துத்தான் கெண்டைக்கால் வலிக்கும், பிறகு பாதம் தொங்கும். பதினைந்து நாளுக்கு முன் குடித்த எண்ணெயை யார் நினைத்துப் பார்ப்பார்கள்?

தாமதம் ஏன்? முள்ளந்தண்டிலிருந்து கால் பெருவிரல்வரை போகும் நரம்பு இழை ஏறத்தாழ ஒரு மீற்றர் நீளம். அதன் உயிரணுவின் உடலோ முள்ளந்தண்டுக்குள்ளோ அதன் பக்கத்திலோ, கண்ணுக்குத் தெரியாத அளவில், இருக்கிறது. நுனிக்கு வேண்டிய அத்தனை புரதமும் அங்கே தயாராகி இழைக்குள் பயணம் செய்யவேண்டும். வேகமான சரக்கு ஒரு நாளில் நாற்பது சென்ரிமீற்றர் போகும், மெதுவான சரக்கு ஒரு மில்லிமீற்றர். கொட்டாஞ்சேனைச் சந்தியிலிருந்து பருத்தித்துறைக்குச் சாமான் அனுப்புவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த நஞ்சு, நரம்பின் பராமரிப்புக்கு வேண்டிய ஒரு நொதியைப் பிடித்துப் பூட்டிவிடுகிறது. அதன் பிறகு நீளமான இழைகள்தான் முதலில் காயும், நுனியிலிருந்து பின்னோக்கி. அதனால்தான் பாதம் முதலில், கை பிறகு. நீரிழிவில் விறைப்பு பாதத்தில் தொடங்குவதும் பெரும்பாலும் இந்த நீளக் கணக்கினால்தான்.

இப்போது கிளினிக் வாங்கில் ஃபைலோடு காத்திருக்கும் ஒருவரிடம் வருவோம். கொட்டாஞ்சேனையில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவருக்கு மாதக்கணக்கில் பாதம் எரிகிறது. ஸ்கான் சுத்தம், இரத்தம் சுத்தம். "ஒண்டுமில்லையாம் தம்பி, ஆனா எரியுது" என்றார். நம் பேச்சில் நோய்க்கும் கவலைக்கும் 'வருத்தம்' என்ற ஒரே சொல் இருப்பது அவரைப் பார்த்தபோதுதான் உறைத்தது. எம்.ஆர்.ஐ. மூளையையும் முள்ளந்தண்டையும் காட்டும். பாதத்தோலிலுள்ள மெல்லிய நரம்பைக் காட்டாது. சிறு மின்னதிர்ச்சி கொடுத்துப் பார்க்கும் சோதனையும் தடித்த நரம்புகளைத்தான் அளக்கும். எரிவைச் சொல்லும் நுண்ணிழைகள் அதில் அகப்படுவதில்லை. சோதனை சரியென்று வந்தால் அந்தச் சோதனைக்கு எட்டிய இடம் சரி, அவ்வளவுதான்.

தசைக்குள் ஊசி செலுத்திப் பார்க்கும் சோதனையில், நரம்பு அறுந்ததன் அடையாளம் தெரிய இரண்டு மூன்று கிழமையாகும். கியான்-பரே நோயில் முதல் வாரச் சோதனை சரியாகவே வரலாம். ஆகவே "மூன்று கிழமை கழித்து வாருங்கள்" என்று சொல்லும் மருத்துவர் எல்லா வேளையிலும் தட்டிக் கழிக்கவில்லை. சில வேளை நரம்புக்கே பேச அவகாசம் கொடுக்கிறார். ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லாமல் அனுப்புவது தவறு என்பேன். காரணம் தெரிந்தால் காத்திருப்பது வேறு மாதிரி.

காத்திருக்கும் நாட்களில் ஒரு கொப்பி வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தேதியில், எந்த விரலில், இரு பக்கமுமா ஒரு பக்கமா, இரவிலா நடக்கும்போதா என்று எழுதுங்கள். தொடங்குவதற்கு மூன்று கிழமை முன்வரை போய், காய்ச்சல், வயிற்றோட்டம், புது மாத்திரை, நாட்டு மருந்து, பூச்சிமருந்து அடித்த தோட்டம் எல்லாவற்றையும் குறியுங்கள். மரக்கறி மட்டும் சாப்பிடுபவரானால் அதையும் சொல்லுங்கள், பி12 குறைவு நரம்பைக் கெடுக்கும். பலவீனம் நாளுக்கு நாள் மேலே ஏறினாலோ, மூச்சு முட்டினாலோ, விழுங்கக் கஷ்டமானாலோ கிளினிக் நாள்வரை பொறுக்காதீர்கள், 1990 என்ற எண்ணுக்கு அழைத்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

"என்ன சாப்பிட்டீர்கள்?" என்று டொக்டர் கேட்டால் "வழக்கமான சாப்பாடுதான்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்தப் பிள்ளைகள் குடித்த நல்லெண்ணெயும் வழக்கமான பத்தியம்தான்.