அலமாரியைத் திறந்துவிட்டவர்
எஸ். ஆர். ரங்கநாதன் (1892–1972)

யாரிடமும் சீட்டு எழுதிக் கொடுக்காமல் அலமாரியிலிருந்து புத்தகத்தை நீங்களே எடுக்கிறீர்கள். சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் அந்த உரிமையை வாசகருக்குக் கொடுத்தவர் சீர்காழிக்காரரான ரங்கநாதன்.

அடிப்படையில் கணக்கு வாத்தியார். 1924-இல் நூலகராகச் சேர்ந்த சில நாளிலேயே, ஆள் நடமாட்டமில்லாத அந்த இடம் ஒட்டாமல், பழைய வேலையையே கேட்டுப் போனார். ஆனால் லண்டனுக்கு நூலகவியல் படிக்கப் போனதும் மனம் மாறியது. அங்கே ஒரு கடையில், துளையிட்ட தகடுகளை நட்டு போல்ட்டால் மாட்டி விதவிதமாய்ச் செய்யும் மெக்கானோ பொம்மையைக் கண்டார். நூல்களின் பொருளையும் இப்படிக் கோத்து எண் தரலாமே என்று தோன்றியது. 1933-இல் வெளியான கோலன் பகுப்பு முறை அதில் பிறந்ததுதான்.

நமக்கு அவரோடு நெருங்கிய உறவு வேறு. அவர் பாடுபட்ட பொது நூலகச் சட்டம் 1948-இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. அப்போது கல்வி அமைச்சர், திருப்பூரில் பிறந்த தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார். சொத்து வரியோடு நூலக வரி கட்டுகிறோமே, அதற்கு வேர் அந்தச் சட்டம். திருப்பூர்ப் பனியன் கம்பெனி கட்டுவதும் லைன் வீட்டுக்காரர் கட்டுவதும் சேர்ந்துதான் ஓவர்லாக் தைக்கும் பெண்ணுக்கும் செக்கிங் பார்ப்பவருக்கும் புத்தகமாகிறது.

மாணவர்களிடம் கண்டிப்பானவர், அவர்களுக்காகவே வாழ்ந்தவர். சேமித்த ஒரு லட்சம் ரூபாயை, மனைவி சாரதா பெயரில் நூலக அறிவியல் பேராசிரியர் பதவி அமைக்கச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டார்.