கட்டை விரலுக்குக் கண் உண்டா?

வாலாஜாபாத்திலிருந்து சுங்குவார்சத்திரம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போயிருக்கிறீர்களா? அங்கே 2006ல் தொடங்கிய நோக்கியா ஆலையில் பட்டன் போன்கள் தயாராயின. 2, 4, 6, 8 பட்டன்களை அழுத்தியே பாம்பு விளையாட்டு ஆடலாம்; குனிந்து பட்டனைத் தேட வேண்டியதில்லை! 2014ல் அந்த ஆலை மூடப்பட்டது. இன்று அதே வட்டாரத்தில் ஐபோன்கள் தயாராகின்றன. எண் பட்டனே கிடையாது, எல்லாம் தொடுதிரை.

சரி, விளையாட எது வசதி? கண்ணை மூடிக்கொண்டு, கட்டை விரலை மேஜை மேல் வையுங்கள். இடமும் வலமுமாக நகர்த்திவிட்டு, கிளம்பிய இடத்துக்கே கொண்டு வாருங்கள். கொஞ்சம் தள்ளிப் போயிருக்குமே! தொடுதிரையில் விரலைத் தேய்த்துக் கார் ஓட்டும்போதும் இதே கதைதான். நடு எது என்று விரலுக்குத் தெரியாது. போதாக்குறைக்கு, எதிரே வரும் லாரியை விரலே மறைத்துவிடும்!

2004ல் சோனி வெளியிட்ட பி.எஸ்.பி., என்ற கையடக்க விளையாட்டுக் கருவியில் ஒரு குட்டிக் குமிழ் உண்டு. இந்த வகைக் குமிழுக்கு, 'அனலாக் ஸ்டிக்' என்று பெயர். லேசாகத் தள்ளினால் நடை. முழுக்கத் தள்ளினால் ஓட்டம். விரலை எடுத்தால் தானே நடுவுக்கு வந்துவிடும். ஆனால், உள்ளே தேய்ந்துபோனால், தொடாமலே ஹீரோ நடக்க ஆரம்பித்துவிடுவார்!

அதே ஆண்டு வந்த நின்டெண்டோ டி.எஸ்., கருவியில் இந்தக் குமிழ் இல்லை. கீழ்த்திரையைக் குச்சியால் தொட்டு ஆடலாம். படம் வரைய, புதிர் போட அதுதான் சுகம். சதுரங்கக் குதிரையைக் குமிழால் தேடிப் போவதற்குள் பொறுமை போய்விடும். தொட்டால் முடிந்தது வேலை.

எனக்கென்னவோ, ரேஸ் என்றால் குமிழ்தான். 2011ல் சோனிக்கும் எதை விடுவது என்று மனம் வரவில்லை போலும். அந்த ஆண்டு வந்த பி.எஸ். வீட்டாவில் இரண்டு குமிழ், முன்னால் தொடுதிரை, முதுகிலும் ஒரு தொடுபலகை!